இரும்புக்கடை வாங்க மறுக்கும் மிச்சம்

தமிழகப் பேரூராட்சிகள் பலவற்றில் குப்பை சேரும் இடம் இன்று வளம் மீட்புப் பூங்கா என்று அழைக்கப்படுகிறது. வீடுகளிலிருந்து தள்ளுவண்டியிலும் பேட்டரி வண்டியிலும் வந்து சேரும் குப்பையைத் தூய்மைப் பணியாளர்கள் அங்கே மக்குவது, மக்காதது என்று பிரித்து, மக்குவதை உரக்குழிக்கும் மண்புழுத் தொட்டிக்கும் அனுப்பி, மக்காததில் விலைபோகும் அட்டை, புட்டி, தகரம் ஆகியவற்றை விற்று, விலைபோகாத பிளாஸ்டிக்கைக் கட்டுகளாக அழுத்திச் சிமென்ட் ஆலைகளுக்கு ஏற்றிவிடுகிறார்கள். பல தெருக்களில் திரட்டிய குப்பை அடுத்த இடத்துக்கு மொத்தமாகப் போவதற்கு முன் வந்திறங்கும் இடத்தைக் குப்பை மாற்று நிலையம் என்பார்கள். பெருநகரங்களில் அதற்கெனத் தனி வளாகம் உண்டு, பேரூராட்சியில் பூங்காவின் கொட்டகையே அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. இந்த ஏற்பாடு இரண்டே வகைக் குப்பையை மனத்தில் வைத்து அமைந்தது. எரிந்துபோன குழல் விளக்கு, உடைந்த தொலைக்காட்சிப் படக்குழாய், உப்பிப்போன செல்போன் பேட்டரி, வாயு தங்கிய பிரிட்ஜ், பூச்சிமருந்து டப்பா, காலாவதியான மாத்திரை ஆகியவை மக்காதவை என்பது உண்மைதான். ஆனால் அட்டையோடும் புட்டியோடும் கையில் அள்ளிப் பிரிக்கக் கூடியவை அல்ல. இவற்றுக்கு அந்தக் கொட்டகையில் இடமும் இல்லை, முறையும் இல்லை, செலவுக்குப் பணமும் இல்லை.

கொல்லிமலையின் தெற்கே, நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் உள்ள எருமப்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியை வைத்து இதைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். மின்னணுக் கழிவு என்றதும் பெங்களூரின் மென்பொருள் வளாகங்களையும் டெல்லியில் பழைய கருவிகளை உடைத்துப் பிரிக்கும் சீலம்பூரையும் நினைப்பது வழக்கமாகிவிட்டதால், வேளாண்மையும் கோழிப்பண்ணையும் தொழிலாகக் கொண்ட ஊர்களில் எவ்வளவு மின்கருவி புழங்குகிறது என்பது கணக்கில் வருவதில்லை. முட்டைக்கோழி தவறாமல் முட்டையிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதால், நாமக்கல் வட்டாரத்தின் நீண்ட கொட்டகைகளில் வரிசையாக விளக்குகள் தொங்குகின்றன. பழுதானவை தொடர்ந்து மாற்றப்படுகின்றன. ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மூழ்கி மோட்டார்கள், அவற்றின் ஸ்டார்ட்டர் பெட்டிகள், லாரிகளின் பேட்டரிகள், தீவன ஆலைகளின் மின்பலகைகள் என்று பட்டியல் நீளும். குடிநீருக்கும் பாசனத்துக்கும் நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருக்கும் பாறைப் பூமி இது என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். குப்பைமேட்டில் சிந்தும் நஞ்சு, அதே நிலத்தடி நீருக்கு இறங்கக் கூடியது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, தமிழகத்தின் சிற்றூர்களுக்கு மட்டுமே உரிய ஒரு காரணம் உண்டு. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் கீழ் 2011க்குள் சுமார் 1.6 கோடி பெட்டிகள் வழங்கப்பட்டன. அவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள். அடுத்து வந்த அரசு 2011இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு அவற்றைக் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் பத்தாண்டுகளில் ஐம்பது லட்சம் மாணவர்களை எட்டியது. இந்தத் திட்டங்களின் நன்மை குறித்து இங்கே வழக்காட வேண்டியதில்லை; ஆட்டுக்கல்லின் முன் குனிந்த முதுகுகள் நிமிர்ந்ததையும், முதல் தலைமுறைப் பட்டதாரியின் கையில் கணினி வந்ததையும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே மாதிரியான கோடிக்கணக்கான கருவிகளை சில ஆண்டுகளுக்குள் ஒரு மாநிலத்தின் பெரும்பாலான வீடுகளில் வைத்த பின், அவை ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆயுள் முடிந்து வெளியே வரும் என்பது அப்போதே தெரிந்த செய்தி. மின்னணுக் கழிவுக்கெனத் தமிழக அரசு 2010லேயே ஒரு கொள்கையை வெளியிட்டிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வாங்கும்போது கோடிகளில் ஒப்பந்தம் போட்ட அரசு, திரும்பப் பெறுவதற்கென்று ஒரு ஏற்பாட்டையும் அந்த ஒப்பந்தங்களோடு இணைத்ததாகத் தெரியவில்லை.

பழுதான கருவி நேராகப் பேரூராட்சிக்கு வருவதில்லை. அது முதலில் தெருவில் ஒலிபெருக்கியோடு வரும் பழைய இரும்பு வியாபாரியிடமோ, பண்டமாற்றுச் சலுகை தரும் கடையிடமோ போகிறது. ஜப்பானில் 2001இல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கருவி மறுசுழற்சிச் சட்டப்படி தொலைக்காட்சி, பிரிட்ஜ், துணி துவைக்கும் எந்திரம், குளிர்சாதனம் ஆகியவற்றைக் கழிப்பவர் அதற்கான கட்டணத்தைத் தாமே செலுத்துகிறார். இங்கே கழிப்பவருக்குப் பணம் கிடைக்கிறது. அந்தப் பணம் பொருளில் உள்ள உலோகத்துக்கானது. வியாபாரி மிக்சியின் மோட்டாரிலிருந்து செம்புச் சுருளை உருவுகிறார், பிரிட்ஜின் கம்ப்ரசரை அறுத்தெடுக்கிறார், தொலைக்காட்சியின் கழுத்தைத் தட்டி உடைத்து அதைச் சுற்றியுள்ள செம்பு வளையத்தைக் கழற்றுகிறார். நாட்டின் மின்னணுக் கழிவில் கணிசமான பங்கு பதிவு பெறாத இத்தகைய கைகளின் வழியாகவே போகிறது. அந்தத் தொழிலாளர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது அநீதி. சட்டம் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மறுசுழற்சி என்ற வேலையை உடம்பை வருத்திச் செய்துவருபவர்கள் அவர்கள்தாம். ஆனால் அவர்கள் வாங்குவது லாபமுள்ள பாகத்தை மட்டுமே என்பதால், லாபமில்லாத பாகம் வாய்க்கால் ஓரத்திலோ குப்பைத் தொட்டியிலோ விழுந்து, கடைசியில் பேரூராட்சியின் கொட்டகைக்கு வருகிறது. அந்த லாபமில்லாத பாகத்தில்தான் நஞ்சு பெருமளவு தங்கியிருக்கிறது.

இதை ஈயத்தைக் கொண்டு விளக்கலாம். லாரியின் ஈய-அமில பேட்டரியில் உள்ள ஈயம் தட்டுகளாக இருப்பதால் உருக்கினால் திரும்பக் கிடைக்கும். ஆகவே பழைய பேட்டரியைக் கடைக்காரரே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார், அது குப்பையில் விழுவது அரிது. அந்த உருக்கு வேலை பல இடங்களில் திறந்தவெளியில் நடப்பதும், அதன் புகை குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமாகச் சேர்வதும் தனிப் பெருங்கேடு. படக்குழாயிலும் ஈயம் உண்டு, ஆனால் அது கண்ணாடியோடு கண்ணாடியாகக் கலந்திருக்கிறது. படக்குழாய்க்குள் எலக்ட்ரான்கள் அதிக மின்னழுத்தத்தில் பாயும்போது எழும் எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காகவே, அதன் பின்புறக் கூம்பின் கண்ணாடியில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடைச் சேர்த்தார்கள். அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவு கிடைக்கும் ஈயத்தின் விலையைவிட அதிகம். புதிய படக்குழாய் செய்ய மட்டுமே அந்தக் கண்ணாடி பயன்பட்டது. தட்டைத் திரை வந்த பின் உலகெங்கும் படக்குழாய் ஆலைகள் மூடப்பட்டன, கடைசிவரை அதை வாங்கிக்கொண்டிருந்த ஒருசில ஆலைகளுள் ஒன்றான குஜராத்தின் பரூச் நகரத்து வீடியோகான் ஆலையும் நின்றுபோனது. பெட்டிக்குக் கால் கிலோ ஈயம் என்று மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும், அரசு வழங்கிய பெட்டிகளில் மட்டும் 4,000 டன் ஈயம் தமிழக வீடுகளுக்குள் சென்றிருக்கிறது. முழுக் குழாயாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. செம்பு வளையத்துக்காகக் கழுத்து உடைக்கப்பட்டு, கண்ணாடி சில்லுச் சில்லாக நொறுங்கி, குப்பைமேட்டின் புளித்த கசிவுநீரில் ஆண்டுக்கணக்கில் ஊறும்போதுதான் ஈயம் கரைந்து வெளியேறுகிறது. திரையின் உட்புறத்தில் பூசிய ஒளிர்பொடியும் தூசாகப் பறந்து பிரிப்பவரின் மூச்சில் கலக்கிறது.

பிரிட்ஜில் கேடு கண்ணுக்குத் தெரியாத வாயுவாக இருக்கிறது. பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 என்னும் குளோரோ புளோரோ கார்பன், மேல்வளிமண்டலத்தின் ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையால் விலக்கப்பட்டது. இந்தியாவில் அதன் உற்பத்தி 2008இல் நின்றது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை என்றாலும், கரியமில வாயுவைப் போல் ஆயிரத்து முந்நூறு மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இப்போதைய பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ, சமையல் எரிவாயுவுக்கு நெருங்கிய உறவான ஐசோபியூட்டேன். வளிமண்டலத்துக்கு அது பெரிய தீங்கில்லை, ஆனால் தீப்பொறி பட்டால் பற்றும். எனவே கம்ப்ரசரின் செம்புக் குழாயை வெட்டும் ஒரு நொடியில், பெட்டி எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்து வானத்துக்கோ வெட்டுபவருக்கோ சேதம் நேர்கிறது. வாயுவைத் தனி உருளையில் உறிஞ்சியெடுக்கும் கருவி குளிர்சாதன மெக்கானிக்கிடம் இருக்கலாம், குப்பைக் கொட்டகையில் இருக்காது. அந்தக் கொட்டகையில் செய்யக் கூடியது, செய்ய வேண்டியது, பெட்டியை நிமிர்த்தி வைத்துக் குழாயைத் தொடாமல் காப்பது. விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளாதபடி கதவைக் கழற்றிவிடுவதும் அதனோடு சேர்ந்தது.

குழல் விளக்கும் சிஎஃப்எல் விளக்கும் பாதரச ஆவியால் ஒளிர்பவை. ஒரு சிஎஃப்எல்லில் உள்ளது சில மில்லிகிராம்தான் என்று ஆறுதல் சொல்லப்படுவதுண்டு. ஒரு வீட்டுக்கு அந்த ஆறுதல் பொருந்தும், ஊர் முழுவதன் விளக்குகளும் நாள்தோறும் ஒரே கொட்டகையில் உடைந்துகொண்டிருக்க, அங்கே எட்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்குப் பொருந்தாது. பாதரசம் கலந்த கண்ணாடி பழைய இரும்புக் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்திலேயே கொடைக்கானல் சான்றாக இருக்கிறது. அங்கிருந்த இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய டன் கணக்கான பாதரசக் கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல் பகுதிக் கடையொன்றில் மூட்டைகளில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது, 2003இல் 290 டன் கழிவும் மாசுபட்ட பொருளும் கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன, முன்னாள் தொழிலாளர் 591 பேருடனான உடன்பாடு 2016இல்தான் முடிந்தது. மூட்டையில் இருப்பது வெறும் கண்ணாடியா நஞ்சா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லாத நிலை அன்று இருந்தது. தெருவிளக்கு ஒப்பந்தக்காரர் கழற்றிப்போடும் குழல்களைப் பொறுத்தவரை அந்த நிலை இன்றும் மாறவில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் எடுத்த முடிவின்படி குழல் விளக்குகளின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027க்குள் நிற்க வேண்டும் என்பதால், அடுத்த சில ஆண்டுகளில் கழிவாக வெளியேறும் விளக்குகள் குறையாது, கூடும்.

லித்தியம் பேட்டரியின் ஆபத்து உடனடியானது. அதன் உள்ளே நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய படலம் மட்டுமே. பிளாஸ்டிக்கோடு கலந்து அழுத்தும் எந்திரத்துக்குள் போனால் அது கிழிந்து, பேட்டரி தன் வெப்பத்தாலேயே மேலும் சூடேறி எரிகிறது. காய்ந்த பிளாஸ்டிக் கட்டுகள் அடுக்கிய கொட்டகையில் ஒரு பழைய பவர் பேங்க் போதும்.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. மின்னணுக் கழிவுக்கு முதல் விதிகள் 2011இலும், திருத்திய விதிகள் 2016இலும் வந்தன; 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இப்போதைய விதிகள், முன்பு 21ஆக இருந்த பொருள்வகைகளை 106ஆக விரித்து, சூரிய மின்தகடுவரை உள்ளே கொண்டுவந்தன. இவற்றின் அடிப்படை, உற்பத்தியாளரின் விரிந்த பொறுப்பு என்னும் கொள்கை: பொருளைச் சந்தைக்கு அனுப்பிய நிறுவனமே அதன் முடிவுக்கும் பொறுப்பேற்று, விற்றதில் குறிப்பிட்ட பங்கை மறுசுழற்சி செய்வித்ததற்கான சான்றிதழை வாங்கிக் காட்ட வேண்டும். அந்தப் பங்கு முதல் இரண்டு ஆண்டுகளில் 60 சதவீதம், பின்னர் 70, 2027-28 முதல் 80 என்று உயர்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சான்றிதழ் கணக்கிடப்படுவது மறுசுழற்சியாளர் மீட்டெடுக்கும் இரும்பு, செம்பு, அலுமினியம், தங்கம் ஆகிய உலோகங்களின் அளவைக் கொண்டு. இதனால் பழைய இரும்புக் கடையின் கணக்கே தேசியச் சட்டத்தின் கணக்காகவும் ஆகிவிடுகிறது. செம்புக்குப் பின்னால் பணம் போகிறது, ஈயக் கண்ணாடிக்கும் பாதரசக் குழலுக்கும் பின்னால் போவதில்லை. மறுசுழற்சியாளருக்கு நிறுவனங்கள் தர வேண்டிய குறைந்தபட்ச விலையாக வீட்டு மின்னணுப் பொருள்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாயை அரசு 2024இல் நிர்ணயித்தபோது, பெரிய நிறுவனங்கள் சில அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. கிலோவுக்கு 22 ரூபாய் நியாயமா என்று அங்கே வாதிடப்படும் அதே வேளையில், அந்தக் கிலோவைத் தெருவிலிருந்து அள்ளி வந்து காத்து வைக்கும் பேரூராட்சிக்கு எவ்வளவு என்ற கேள்வி எங்கும் எழவில்லை.

விதிகளில் பேரூராட்சிக்கு உரிமை ஏதும் இல்லாவிட்டாலும் கடமை உண்டு. குப்பையோடு கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரித்துப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. பெயரில்லாத நிறுவனத்தின் பொருளும், மூடப்பட்டுவிட்ட நிறுவனத்தின் பொருளுமான ‘அநாதைப் பொருள்’களைச் சேகரிப்பதும் அதன் பொறுப்பே. அவற்றைச் செய்த நிறுவனங்களில் மூடப்பட்டவையும் இருப்பதால், இலவசத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஒரு பங்கு இந்தக் கதவின் வழியாகச் சட்டப்படியே சிற்றூரின் தலையில் வந்து இறங்குகிறது. இதுபோலவே, 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றன; 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் புதிய விதிகள் வீட்டிலேயே ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, தனிக் கவனக் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. வீட்டில் நான்காகப் பிரித்ததைக் கொட்டகையில் இரண்டாக்கினால் மக்கள் ஒரே மாதத்தில் பிரிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே எருமப்பட்டிக்கு வேண்டியது பெரிய ஆலை எதுவும் அல்ல, பூட்டக் கூடிய ஓர் அறை. மழைநீர் புகாத கூரையும், விரிசலில்லாத சிமென்ட் தரையும், காற்றோட்டமும் உள்ள அந்த அறையில் படக்குழாய்ப் பெட்டிகள் உடையாமல் அடுக்கப்பட வேண்டும். குழல் விளக்குகள் அவை வந்த அட்டை உறையிலேயோ மூடியுள்ள நீண்ட பெட்டியிலோ படுத்திருக்க வேண்டும். பேட்டரிகள் முனைகளில் ஒட்டுநாடா சுற்றப்பட்டு மணல் வாளிக்கு அருகே, மற்றவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். குழல் உடைந்தால் விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, பெருக்கினால் பாதரசம் பரவும்; கதவைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் விலகி நின்று, கெட்டி அட்டையால் வாரி, ஒட்டுநாடாவால் பொடியை ஒற்றியெடுத்து, மூடியுள்ள புட்டியில் இட வேண்டும். இத்தகைய வேலைகளைச் செய்பவருக்குப் பயிற்சியும் கையுறையும் முகக்கவசமும் தனிப்படியும் உண்டு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அறைக்குள் எதையும் உடைக்கவோ பிரிக்கவோ கூடாது என்பது முதல் விதி. இன்ன பொருள், இத்தனை கிலோ, இன்ன நாளில் வந்தது என்று ஏடு எழுத வேண்டும். மின்னணுக் கழிவைச் சாதாரணமாக 180 நாளுக்கு மேல் தேக்கிவைக்க விதி இடம் தருவதில்லை. பவித்திரம், வரகூர், அலங்காநத்தம் போன்ற சுற்றுவட்டார ஊராட்சிகளுக்கும் இந்த ஒரே அறை பயன்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் நகர்ப்புறத்தை மட்டுமே பெரிதும் கருதின, ஆனால் கோழிக்கொட்டகைகளும் கிணற்று மோட்டார்களும் ஊராட்சிப் பகுதியில்தான் இருக்கின்றன.

அறையிலிருந்து சரக்கு எங்கே போகும் என்பதுதான் கடினமான பகுதி. உலோகமுள்ளதை மறுசுழற்சியாளர் வந்து எடுப்பார். ஈயக் கண்ணாடியையும் பாதரசக் கழிவையும் ஏற்கக் கூடிய அபாயக் கழிவு நிலையங்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே சேர்ப்பதற்கு வண்டி வாடகையும் கட்டணமும் உண்டு, விற்ற அட்டையின் வருமானத்திலிருந்து ஒரு பேரூராட்சி அதைக் கட்ட முடியாது. மாவட்டம் முழுவதற்கும் ஒரு வண்டி, முறை வைத்து எல்லா அறைகளையும் சுற்றிவருவது என்ற ஏற்பாட்டை நாமக்கல்லில் தொடங்கலாம். குப்பையில்லா நகரம் என்ற முயற்சியால் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலேயே நாடெங்கும் பேசப்பட்ட நகராட்சி அது, இப்போது மாநகராட்சி. லாரித் தொழிலின் தலைநகரில் வண்டி கிடைக்காது என்று சொல்லவும் வழியில்லை. சென்னை மாநகராட்சி பழைய மெத்தை, சோபா, மின்னணுப் பொருள்களைச் சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே பெறத் தொடங்கியிருக்கிறது. சென்னைக்குக் கிடைத்த வசதி நாமக்கல்லின் சிற்றூர்களுக்குக் கிடைப்பதில் முறையற்றது ஒன்றுமில்லை.

அறைக்கு வருவதைக் குறைக்கும் ஆற்றல் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கிணற்று மோட்டாருக்குச் சுருள் கட்டித் தரும் வைண்டிங் கடைகளும், மிக்சிக்கு கார்பன் மாற்றும் பழுதுபார்ப்பவர்களும் இந்த வட்டாரத்தில் இன்னும் தொழில் நடத்துகிறார்கள். ஒரு கிரைண்டரை ஐந்தாண்டு கூடுதலாக ஓடவைப்பவர் செய்வது எந்த மறுசுழற்சி ஆலையின் பணியையும்விட மேலானது. ஆனால் 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் புதுப்பிப்பவர் என்ற தகுதி இணையதளத்தில் பதிவு செய்தவருக்கே உண்டு; ஒற்றை மேசையும் பற்றவைப்புக் கோலும் கொண்ட கடைக்காரர் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. பேரூராட்சி அவரை அழைத்து, அறைக்கு வருவதில் ஓடக் கூடியதை முதலில் அவர் பார்க்கட்டும் என்று விட வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு, தமிழகத்தைப் பொறுத்தவரை விடை வெளிப்படையாகவே இருக்கிறது. இலவசத் தொலைக்காட்சி முதல் மடிக்கணினிவரை எந்த நிறுவனத்திடம் எத்தனை வாங்கப்பட்டது, எந்த மாவட்டத்துக்கு எத்தனை போயின என்ற விவரம் அரசின் கோப்புகளில் இருக்கிறது. இன்னும் தொழிலில் இருக்கும் நிறுவனங்களிடம் அந்தக் கோப்பைக் காட்டிப் பொறுப்பைக் கேட்பதும், மூடப்பட்டவற்றின் பங்கை மொத்தமாக வாங்கியவர் என்ற முறையில் அரசே ஏற்பதும் நியாயம். அந்தப் பணம் அறைகளில் எடைபோட்ட கிலோவின் கணக்கில் நேரே பேரூராட்சிக்கு வர வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உலோகத்துக்குத் தருவது போலவே, ஈயக் கண்ணாடியையும் பாதரசத்தையும் பத்திரமாக முடித்துவைத்ததற்கும் தனிச் சான்றிதழ் தந்தால், அதை வாங்க வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு வரும். இதற்கிடையே, 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் இருபது லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. இருபது லட்சம் லித்தியம் பேட்டரிகள் என்று அதற்குப் பொருள். இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவற்றில் பல தேய்ந்து வெளியே வரத் தொடங்கும். கருவியை விற்ற நிறுவனம் தான் தந்த பேட்டரியை அந்தந்த ஊரின் அறையிலிருந்து 180 நாளுக்குள் தன் செலவில் எடுத்துச்செல்ல வேண்டும், எடுக்கத் தவறினால் அதற்கென நிறுத்திவைத்த தொகை பேரூராட்சிக்குப் போகும் என்ற விதியை, இத்தகைய கொள்முதல் ஒவ்வொன்றின் ஒப்பந்தத்திலும் அரசுக்காகக் கொள்முதல் செய்யும் எல்காட் நிறுவனம் இப்போதே சேர்க்க வேண்டும்.